பல் முளைக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா?

ஈஜிபுராவில் பல வீடுகளுக்கு இரவு எட்டு மணிக்கு மேல்தான் பொழுது விடிகிறது. பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மெண்ட்ஸுக்குப் போன பெண்கள் திரும்புகிறார்கள். கோரமங்களா அடுக்குமாடிகளில் ஹவுஸ்கீப்பிங் பார்ப்பவர்கள், ஆபீஸ் முடிந்த கிளார்க்குகள், கட்டட வேலை மேஸ்திரிகள் எல்லாரும் அந்தச் சந்துகளுக்குள் நுழைகிறார்கள். பகலெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை அப்போதுதான் தாயின் கைக்கு வருகிறது. தூக்கியவுடன் தெரிகிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

"மத்தியானத்துலேருந்து இப்படித்தாம்மா இருக்கு. பல்லு வருது பாரு, வாயெல்லாம் ஜொள்ளு. பயப்படாதே" என்கிறார் அக்கா.

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்குப் போன் போகிறது. மாமியார் எடுக்கிறார். "பல்லு ஜுரம்தாம்மா அது. என் பையனுக்கும் இப்படித்தான் வந்துச்சு. வசம்பைச் சுட்டு உரைச்சு ஒரு சங்கு குடு. ரெண்டு நாள்ல விட்டுடும்."

"சரிங்க அத்தை" என்று போனை வைக்கிறாள் மருமகள். மாடியிலிருந்து இறங்கி வரும் கன்னட அஜ்ஜி குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "ஹல்லு பர்த்தா இதெ, அதக்கே ஜ்வர" என்கிறார். வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மொழிப் பாட்டிகளும் ஒரே கட்சி.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதையல்ல. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் ஒரு முறையாவது நடப்பதுதான். பெரும்பாலான சமயங்களில் குழந்தை தானாகவே தேறிவிடுகிறது. பாட்டி சொன்னது பலித்துவிட்டதாகப் பெயர் கிடைக்கிறது. தேறாமல் போகும் அந்தச் சில சமயங்களில்தான் 'பல்' என்ற சொல் இரண்டு நாள், மூன்று நாள் என்று பொன்னான நேரத்தை விழுங்கிவிடுகிறது.

பாட்டி சொல்வதில் பாதி சரி. பல் முளைக்கும்போது குழந்தைக்குத் தொந்தரவு உண்டு. ஆனால் உடம்பு கொதிக்கிற காய்ச்சலைப் பல் கொண்டுவருவதில்லை.

பல் என்னதான் செய்யும்?

பெரும்பாலும் ஆறாம் மாத வாக்கில் கீழ் ஈறின் நடுவில் இரண்டு பற்கள் முதலில் எட்டிப் பார்க்கும். சில குழந்தைகளுக்கு நாலாம் மாதமே வரும். சிலருக்கு ஆண்டு நிறைவு வரை பொக்கை வாய்தான். இரண்டும் குறையல்ல. பிறகு மேல் பற்கள், பக்கத்துப் பற்கள், கடைவாய்ப் பற்கள் என்று ஒவ்வொன்றாக வந்து, இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் நிரம்பிவிடும். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் பல் டாக்டரிடம் காட்டலாம்.

ஒரு பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வரும் நாளுக்கு நாலு நாள் முன்பும் மூன்று நாள் பின்பும் குழந்தை சிணுங்கும். எச்சில் ஊற்றும். கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். இரவில் எழும். கஞ்சியைத் துப்பும். ஈறு சிவந்து தடித்திருக்கும். உடம்புச் சூடு இம்மியளவு ஏறலாம். இவ்வளவுதான் பல்லின் கைவரிசை.

இதற்கு மருந்து தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்த்தாலே குழந்தை அமைதியாகும். சுத்தமான துணியைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். பிரிட்ஜ் உள்ள வீட்டில் அந்தத் துணியைச் சற்றுக் குளிரவைத்தால் இன்னும் இதம். மோவாய் எச்சிலில் வெந்து போகாமல் அடிக்கடி துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவினால் போதும். காரட் துண்டு, ஆப்பிள் துண்டு போன்றவற்றைக் கடிக்கக் கொடுப்பது கூடாது. உடைந்த துண்டு தொண்டையில் சிக்கினால் பல்லைவிடப் பெரிய ஆபத்து அது.

யாழ்ப்பாணத்துத் தமிழர் வீடுகளில் முதல் பல் தெரிந்ததும் கொழுக்கட்டை அவித்து, குழந்தையின் தலையில் கொட்டிக் கொண்டாடும் 'பல்லுக் கொழுக்கட்டை' என்றொரு வழக்கம் உண்டு. பல்லை வரவேற்க அழகான வழி. அதைக் கண்டு பயப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பழி சுமக்கும் பல்

பல்லின் மேல் பழி போடுவது நம் ஊர்ப் பாட்டிகள் மட்டும் செய்ததல்ல. இங்கிலாந்தில் 1839-ஆம் ஆண்டு அரசாங்கப் பதிவேட்டில் 5,016 மரணங்களுக்குக் காரணம் 'பல் முளைத்தல்' என்றே எழுதப்பட்டது. அந்தக் குழந்தைகள் எதனால் இறந்தார்கள்? வயிற்றுப்போக்கு, நிமோனியா, மூளைக் காய்ச்சல் போன்ற நோய்கள்தாம் அந்நாளில் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. காரணம் தெரியாத டாக்டர்கள் வாயைத் திறந்து பார்த்தார்கள். அந்த வயதுக் குழந்தையின் வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பல் வந்துகொண்டுதான் இருக்கும். அதன் தலையில் எழுதிவிட்டார்கள். ஈறைக் கத்தியால் கீறிவிடும் வைத்தியமும் ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

அந்தக் காலம் போய் நெடுநாளாகியும் எண்ணம் மட்டும் போகவில்லை. 1979-இல் பிரிட்டனில் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, 'பல் தொந்தரவு' என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 50 குழந்தைகளின் கணக்கைக் கொடுத்தது. சோதித்துப் பார்த்தபோது அவர்களில் 48 பேருக்கு வேறு நோய் இருந்தது. ஒரு குழந்தைக்கு மூளை உறைக் காய்ச்சல். ஒரு நாள் தாமதித்தாலும் உயிரையோ, காது கேட்கும் சக்தியையோ பறிக்கக்கூடிய நோய் அது.

2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு சோதனைக்காக அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 125 குழந்தைகளின் உடம்புச் சூட்டையும் தொந்தரவுகளையும் பெற்றோர் நாள்தோறும் குறித்து வந்தனர். 475 பற்கள் முளைத்த கணக்கு அது. சிணுங்கல், எச்சில், லேசான சூடு எல்லாம் இருந்தன. 102 டிகிரியைத் தாண்டிய காய்ச்சலுக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவு வந்தது. அதே ஆண்டு வெளியானது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்த இன்னொரு சோதனை: 21 குழந்தைகள், 90 பற்கள். அங்கே லேசான சூடுகூடப் பல்லோடு சேர்ந்து வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், எல்லாம் முடிந்தபின் பெற்றோரைக் கேட்டபோது, "எங்கள் குழந்தை பல் முளைக்கையில் கஷ்டப்பட்டது" என்றே அத்தனை பேரும் சொன்னார்கள். மெல்போர்ன் பெற்றோரும் திருவண்ணாமலைப் பாட்டியும் ஒன்றுதான்!

அப்படியானால் பல் வரும் நாளில் காய்ச்சலும் வருவதை இத்தனை தலைமுறை கண்ணால் கண்டது பொய்யா? பொய்யில்லை. இரண்டும் ஒரே வயதில் வருகின்றன, அவ்வளவுதான். தாயின் வயிற்றிலிருந்தபோது குழந்தைக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஆறு மாதத்துக்குள் கரைந்து போகிறது. அதே நேரத்தில்தான் குழந்தை தவழத் தொடங்குகிறது, தரையில் கிடப்பதை எடுத்து வாயில் வைக்கிறது, கஞ்சியும் இட்லியும் சாப்பிடத் தொடங்குகிறது. தாய் வேலைக்குத் திரும்பிவிட்டால் நாலு குழந்தைகள் இருக்கும் இன்னொரு வீட்டில் பகலைக் கழிக்கிறது. கிருமிக்கு இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? இரண்டரை வயதுக்குள் 20 பல் வரவேண்டும் என்றால், எந்த மாதம் காய்ச்சல் வந்தாலும் பக்கத்தில் ஒரு பல் நின்றுகொண்டிருக்கும்.

அப்போது அந்தக் காய்ச்சல் எது?

பெரும்பாலும் சாதாரண வைரஸ் ஜலதோஷம். இன்னொன்று, ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் வரும் ஒரு வகை வைரஸ் காய்ச்சல். மூன்று நாள் கடுமையாக அடிக்கும். நாலாம் நாள் சட்டென்று விட்டு, மார்பிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். அதோடு சரி. 'பல் ஜுரம் மூன்று நாள்' என்ற பேச்சு கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காதில் சீழ் பிடித்தாலும் குழந்தை காதை இழுத்துக்கொண்டு அழும். அதையும் கடைவாய்ப் பல்லின் கணக்கில் எழுதுவார்கள். சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் விட்டு விட்டு வந்தால், முக்கியமாகப் பெண் குழந்தைக்கு, சிறுநீரில் கிருமி இருக்கலாம். ஒரு சின்னச் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தெரியாமல் விட்டால் சிறுநீரகத்தைத் தழும்பாக்கிவிடும்.

தடுப்பூசியும் உண்டு. ஆறு, பத்து, பதினாலு வாரங்களில் போடும் ஊசிகளுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரும், போய்விடும். ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் கதை வேறு. அதற்கான காய்ச்சல் ஊசி போட்ட அன்று வராமல், ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். அதற்குள் ஊசியை எல்லாரும் மறந்திருப்பார்கள். எனவே தாய்-சேய் அட்டையை டாக்டரிடம் போகும்போதெல்லாம் கையில் கொண்டுபோக வேண்டும்.

ஈஜிபுரா போன்ற இடத்தில் மறக்கக்கூடாதது டெங்கு. டேங்கர் லாரித் தண்ணீரை டிரம்மிலும் சம்பிலும் பிடித்து வைத்துக்கொள்ளும் வீடுகள் இங்கு நிறைய. 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் வெறும் தூண்களாகவே நின்ற மேம்பாலத்தின் அடியிலும், கட்டி முடிக்காத கட்டடங்களிலும் மழைக்குப் பின் தேங்கும் நீரை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய்ப் பட்டியலில் சேர்த்து அறிவித்தது. அந்தக் கொசு பகலில் கடிப்பது. குழந்தை பகலில் தூங்கும்போதும் கொசுவலை வேண்டும் என்பது இதனால்தான்.

டெங்குவில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பெற்றோர் நன்றாகப் புரிந்துகொள்ளவேண்டிய விஷயம் இது. காய்ச்சல் அடிக்கும் முதல் மூன்று நாளைவிட, காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிர்கிறது. 'பல் வந்துவிட்டது, ஜுரமும் விட்டுவிட்டது' என்று வீடு நிம்மதியடைகிறது. தாய் வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். குழந்தையின் கை கால் சில்லிட்டுப் போவது, துவண்டு படுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றைத் தொட்டால் அழுவது, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சல் விட்ட குழந்தை விளையாட வேண்டும், பால் குடிக்க வேண்டும். விளையாடவில்லை என்றால் அது குணமல்ல.

கையால் தொட்டுப் பார்த்தால் போதுமா?

போதாது. அடுப்படியில் நின்ற கைக்கும் குளிர்ந்த நீரில் துணி துவைத்த கைக்கும் ஒரே நெற்றி வேறு வேறு சூடாகத் தெரியும். மருந்துக் கடையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய பாதரசக் கண்ணாடித் தெர்மாமீட்டர் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. அக்குளை ஈரமில்லாமல் துடைத்து, முனை உள்ளே இருக்கும்படி வைத்து, குழந்தையின் கையை மார்போடு சேர்த்துப் பிடித்து, 'பீப்' சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அக்குளில் 99.5 டிகிரிக்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கொள்ளலாம். உடம்பின் உள்சூட்டில் இது 100.4-க்குச் சமம்.

அளவை மணியோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். 'நேற்றிலிருந்து நல்ல ஜுரம்' என்பதைவிட 'நேற்று இரவு பத்துக்கு 102, காலை ஆறுக்கு 101' என்பது டாக்டருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் பார்த்துப் பதறவும் கூடாது, எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் அடையவும் கூடாது. 102 டிகிரியில் சிரித்து விளையாடும் குழந்தை உண்டு. 100 டிகிரியில் துவண்டு கிடக்கும் குழந்தையும் உண்டு. இரண்டாவது குழந்தைக்குத்தான் ஆட்டோவைக் கூப்பிட வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், எந்த நேரமானாலும், வேறு எந்தக் குறியும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். அந்த வயதில் பல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் என்றால் அன்றே காட்டுவது நல்லது. அதற்கு மேல் இரண்டு வயது வரை, காய்ச்சல் ஒரு முழு நாளைத் தாண்டினால் டாக்டர் பார்க்க வேண்டும்.

வயது எதுவானாலும் இவை இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது: பால் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், உச்சிக்குழி புடைத்திருப்பது, தொட்டாலே வீறிடுவது, உடம்பில் அழுத்தினாலும் மறையாத சிவப்பு ஊதாப் புள்ளிகள், ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை.

மூச்சையும் எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிஷத்துக்கு 50-ம் அதற்கு மேலும் இருந்தால், ஒரு வயதுக்கு மேல் 40-ம் அதற்கு மேலும் இருந்தால், நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்பின் அடி உள்ளே குழிந்தால் நிலைமை இன்னும் கடுமை. அங்கன்வாடி, சுகாதார ஊழியர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கப்படும் கணக்கு இது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் செய்யலாம்.

காய்ச்சலில் வலிப்பு வருவது பார்ப்பவர் ஈரக்குலையை நடுங்கவைக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் சில நிமிஷத்தில் தானே நின்றுவிடும். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் கூடாது. கையில் இரும்புச் சாவி திணிப்பதால் பயனில்லை. மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. முன்னதாகவே நின்றுவிட்டாலும் முதல் தடவை வலிப்பு என்றால் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகவேண்டும்.

பாட்டிலில் இருக்கும் எண்

காய்ச்சல் மருந்து என்றால் குழந்தைக்குப் பாரசிட்டமால் ஒன்றுதான், அதுவும் எடைக்கு ஏற்ற அளவில். இங்குதான் படித்தவர்களும் தவறுகிறார்கள். பச்சைக் குழந்தைக்கான 'டிராப்ஸ்' பாட்டிலில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். 'சிரப்' பாட்டிலில் 5 மில்லியில் 125. இன்னொரு வகையில் 5 மில்லியில் 250. மூன்றும் ஒரே மாதிரி நிறம், ஒரே மாதிரி வாசனை.

8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை போதும். டிராப்ஸில் அது ஏறக்குறைய 1 மில்லி. சிரப்பில் 4 மில்லி அளவு. முன்பு சிரப் கொடுத்த பழக்கத்தில் டிராப்ஸை ஒரு ஸ்பூன், அதாவது 5 மில்லி, ஊற்றிவிட்டால் 500 மில்லிகிராம் போய்விடும். நாலு மடங்குக்கு மேல்! கல்லீரலைக் கெடுக்கக்கூடிய அளவு. ஆகவே டாக்டரிடம், "எந்த பாட்டில், எத்தனை மில்லி?" என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. தாய் கொடுத்தது தெரியாமல் தகப்பன் மறுபடி கொடுப்பதும் உண்டு. ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போகும் வீட்டில் இதற்கும் அந்தத் தாள் உதவும்.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. நிமிசுலைடு மருந்தை 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று இந்திய அரசு 2011-இல் தடை செய்தது. டெங்கு சந்தேகம் இருக்கும் காலத்தில் டாக்டர் சொல்லாமல் இபுபுரூபென் வேண்டாம். மீந்துபோன ஆண்டிபயாட்டிக் சிரப்பும் வேண்டாம்.

பெங்களூர் குளிருக்குப் பயந்து காய்ச்சல் குழந்தைக்குக் கம்பளிக் குல்லா, ஸ்வெட்டர், இரண்டு போர்வை என்று மூட்டை கட்டுவார்கள். உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் ஏறும். மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஐஸ் தண்ணீரில் துடைப்பதும் தவறு. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டும்.

பல்லுக்கு மருந்து விற்றவர்கள்

பல் முளைப்பதற்கென்று விற்கப்பட்ட மருந்துகளின் வரலாறு கொஞ்சமும் நல்லதல்ல. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை 'பல் பவுடர்' என்று ஒன்று கொடுத்தார்கள். சில குழந்தைகளுக்குக் கையும் காலும் இளஞ்சிவப்பாகி, தோல் உரிந்து, வெளிச்சத்தைக் காண முடியாமல் துடித்தன. என்ன நோய் என்று பல காலம் யாருக்கும் புரியவில்லை. அந்தப் பவுடரில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று 1948-இல் அமெரிக்க டாக்டர்கள் இருவர் எடுத்துக்காட்டினர். 1954-இல் பிரிட்டனில் அதைப் பவுடரிலிருந்து நீக்கினார்கள். நோயும் மறைந்தது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2008-இல் நைஜீரியாவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான ஒரு சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. 84 குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். அதே நச்சு 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் கண்டுபிடிக்கப்பட்டது; மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பலியாயின. குழந்தைக்குத் தேவையில்லாத சிரப்பை வாங்காமல் இருப்பதே நல்லது. பெரியவர்கள் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜெல்லையும் ஈறில் தடவக் கூடாது. அதில் ஆஸ்பிரின் இனத்து மருந்தோ, மரத்துப்போகச் செய்யும் மருந்தோ இருக்கும். எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும்.

வசம்பின் கதை என்ன? அதைக் கையில் வளையலாகக் கட்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. வாயில் வைத்துப் பிய்க்காதவரை. உரைகல்லும் தண்ணீரும் சுத்தமில்லாமல் உரைத்துக் கொடுத்தால் அதுவே பேதிக்கு வழி. தேனில் குழைத்துக் கொடுப்பது ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் தசைகளை முடக்கிவிடும். தொக்கம் எடுப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, வயிற்றில் சூடு வைப்பது இவை மூன்றும் நேரடி ஆபத்து. பாட்டியோடு சண்டை போடத் தேவையில்லை. "டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாரு அத்தை" என்று டாக்டர் மேல் பழியைப் போட்டுவிடலாம். பல்லுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

'பல் பேதி'

காய்ச்சலைப் போலவே பேதியையும் பல்லின் தலையில் கட்டுவார்கள். கையும் பாட்டிலும் தண்ணீரும் கொண்டுவரும் கிருமிதான் காரணம். பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், பெரிய பொட்டலமானால் ஒரு லிட்டரில், கரைத்துச் சிறுகச் சிறுக ஊட்டுங்கள். அரசு சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். பேதி நின்றாலும் 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் பழ ருசியோடு விற்கும் சர்க்கரைப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்புத் துறை உத்தரவிட்டது. கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், குழந்தை சோர்ந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எங்கே போவது, எப்படிச் சொல்வது?

'பல்' என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவதற்குப் பின்னால் அறியாமை மட்டும் இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் சம்பளம் போகும். காண்டிராக்டில் வேலை பார்க்கும் தாய்க்கு அடுத்த நாள் வேலையே இருக்குமா என்று சந்தேகம். 2013 ஜனவரியில் ஈஜிபுரா ஈ.டபிள்யூ.எஸ். குடியிருப்பு இடிக்கப்பட்டு, பல குடும்பங்கள் நடைபாதையில் தங்கிய நாட்களை நேரில் கண்டவர்களுக்கு, கைக்குழந்தையோடு காய்ச்சலைச் சமாளிப்பது என்றால் என்ன என்று தெரியும். செலவில்லாத விளக்கம் என்பதாலேயே பல் இத்தனை காலம் செல்வாக்கோடு இருக்கிறது.

முதலில் பகுதியிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம். சாதாரணக் காய்ச்சலுக்கு அதுவே போதும். கடுமையான குறிகள் தெரிந்தால், ஈஜிபுராவுக்கு அருகே சர்ஜாபூர் ரோட்டில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே நிம்ஹான்ஸ் பக்கத்தில் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையம் என்ற அரசு சார்ந்த ஆஸ்பத்திரி உண்டு. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளி என்றால் அந்தச் சலுகை குழந்தைக்கும் சேரும், இந்திராநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காட்டலாம். குழந்தையின் பெயர் அட்டையில் ஏறியிருக்கிறதா என்பதைக் காய்ச்சல் இல்லாத நாளிலேயே பார்த்து வைப்பது நல்லது.

மொழிக்குத் தயங்க வேண்டாம். பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் தமிழ் புரிந்தவர்கள் நிறைய. ஊரிலிருந்து புதிதாக வந்த தாய்க்கு நாலு கன்னட வார்த்தை கைகொடுக்கும். "மகுவிகெ ஜ்வர பந்திதெ" என்றால் குழந்தைக்குக் காய்ச்சல். "மூரு தின ஆய்த்து", மூன்று நாள் ஆயிற்று. "ஹாலு குடீத்தா இல்ல", பால் குடிக்கவில்லை. "மூத்ர ஹோகில்ல", சிறுநீர் போகவில்லை. "உசிராடக்கெ கஷ்ட ஆக்தா இதெ", மூச்சுவிடச் சிரமப்படுகிறது. வாந்திக்கும் பேதிக்கும் கன்னடத்திலும் வாந்தி, பேதிதான். அதிர்ஷ்டவசமாக அவற்றை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது தாய்-சேய் அட்டை, கொடுத்த மருந்து பாட்டில்கள், டிகிரி குறித்த தாள் இந்த மூன்றும் பையில் இருக்கட்டும். டாக்டர் வாயைத் திறந்து பார்க்கும்போது பல் ஒன்று எட்டிப் பார்த்தால் அவர் அதையும் சொல்வார். அதற்குப் பிறகு காதையும் நெஞ்சையும் வயிற்றையும் அவர் பார்த்து முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.